ஐந்து மாத்திரையும் இடது காலும்

சென்ற நவம்பர் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். காலையிலிருந்து மழை மூன்று தடவை விட்டு, நான்காவது தடவையாகப் பெய்துகொண்டிருந்தது. முத்தையாபுரத்தில் எங்கள் தெருத் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை நின்றது. அந்த நிமிடத்தில்தான் எனக்கு நடுக்கம் வந்தது. சாதாரணக் குளிர் இல்லை. கட்டில் கால்கள் தரையில் தடதடவென்று அடிக்கிற நடுக்கம். பதினேழு நிமிடம் நீடித்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றியிருக்கவில்லை, அதனால் சொல்ல முடிகிறது.

எனக்கு வயது எழுபத்து மூன்று. துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் டாலி கிளார்க்காக வேலை பார்த்தேன். கப்பலில் ஏறுகிற, இறங்குகிற மூட்டைகளை எண்ணுகிற வேலை. நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போடுவோம். கப்பல் சார்பில் ஒருவர் எண்ணுவார், கரை சார்பில் ஒருவர் எண்ணுவார். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. ஷிப்ட் முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போனால் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். தப்பு நேர்ந்தால் அதன்மேல் எழுதக் கூடாது, அழிக்கவும் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, இருவரும் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். நான் கரை ஆள். பிறர் சொல்லும் எண்ணை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை நிற்கவில்லை.

காய்ச்சல் நூற்று மூன்று புள்ளி நான்கு. இடது கால் முழங்காலுக்குக் கீழே செக்கச் செவேலென்று வீங்கி, தொட்டால் சுட்டது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. என் மனைவி தங்கபுஷ்பம் ஒரு ஆட்டோவைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டு வந்தாள். நகரத்துக்குள் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். பெயர் வேண்டாம். அவர்கள்மேல் எனக்கு இப்போது புகார் இல்லை. அன்றைக்குப் பதினான்கு புகார் இருந்தது.

முதல் புகார் ரத்தம். ஒரு நர்ஸ் வலது கையில் குத்தி இரண்டு பாட்டில் நிரப்பினார். பிறகு இடது கைக்கு வந்தார்.

"அந்தக் கையில எடுத்தாச்சே?"

"இது ரெண்டாவது செட் தாத்தா. ரெண்டு கையிலயும் எடுக்கணும்."

"ஒரே உடம்புதான? ரத்தம் ரெண்டு விதமாவா ஓடுது?"

"ரூல் தாத்தா."

ரூல் என்று சொன்னால் பில் என்று எனக்குக் கேட்டுப் பழக்கம். நான்கு பாட்டில், நான்கு தொகை என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்து டியூட்டி டாக்டர் வந்தார். சின்ன வயது. எனக்கு முன்னால் நின்ற ஒரு மீனவரை, கடையில் தானாக ஊசி வாங்கிப் போட்டுக்கொண்டதற்காக எல்லோர் முன்னிலையிலும் திட்டி முடித்திருந்தார். அதே முகத்தோடு என்னிடம் திரும்பினார். "இங்க வர்றதுக்கு முன்னாடி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லை" என்றேன்.

அது பொய். உண்மை இதுதான். ஞாயிற்றுக்கிழமை இடது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில் இருந்த சேற்றுப்புண் வலிக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. மீந்த மாத்திரைகளை நான் வீசுவதில்லை. அதில் போட்டு வைப்பேன். தங்கபுஷ்பத்துக்குப் பல் பிடுங்கியபோது எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கில் ஆறு மீதம் இருந்தது. ஞாயிறு இரவு ஒன்று, திங்கள் மூன்று, செவ்வாய் காலை ஒன்று, ஆக ஐந்து போட்டுக்கொண்டேன். அவளுக்குத் தெரியாது.

ஏன் பொய் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன். திட்டு வாங்க வேண்டாம் என்பது ஒன்று. ஆம் என்றால் அதற்கென்று தனியாக ஒரு டெஸ்ட் எழுதுவார்கள் என்ற சந்தேகம் இன்னொன்று. அந்த இளைஞர் தாளில் 'முன் மருந்து: இல்லை' என்று எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

பெரிய டாக்டர் இரவு எட்டு மணிக்கு வந்தார். அறுவை சிகிச்சை நிபுணர், நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். என் காலில் சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரம் முழுக்க நீல மார்க்கரால் கோடு போட்டார். "செல்லுலைட்டிஸ் ஐயா. தோலுக்கு அடியில கிருமி பரவுது. கோட்டைத் தாண்டுதா இல்லையான்னு பார்ப்போம்." குளுக்கோஸ் பாட்டிலோடு விலை கூடிய மருந்து ஒன்றை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏற்றினார்கள். அதன் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. விலை நுழைந்தது.

பக்கத்துக் கட்டிலில் காயல்பட்டினத்துக்காரர் மொஹிதீன். இருபது வருடம் வளைகுடாவில் இருந்தவர். சர்க்கரையால் வந்த கால் புண்ணுக்காகப் பன்னிரண்டு நாளாகப் படுத்திருந்தார். நான் சட்டைப் பையிலிருந்த ஆறு அங்குல ஸ்கேலால் நீலக் கோட்டை அளப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணாச்சி, வக்கீலா நீங்க?"

"டாலி கிளார்க்."

"அப்ப சரிதான். நர்ஸு புள்ள பஞ்சு எடுத்தாக் கூட எண்ணுதியளேன்னு பாத்தேன்."

அவர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வரும். பாதியை எனக்கு ஊற்றித் தருவார். முதல் நாள் அதையும் சந்தேகப்பட்டு, இந்த ஆள் எதற்கு எனக்குத் தருகிறார் என்று யோசித்தேன். இரண்டாம் நாள் கஞ்சியின் ருசி அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட்டது.

புதன்கிழமை சிவப்பு கோட்டுக்குள் நின்றது. வியாழக்கிழமை காலை கோட்டை அரை அங்குலம் தாண்டியது. மதியம் ஒன்றே கால் அங்குலம். முன்னங்காலில் கருநீலமாக ஒரு திட்டு விழுந்து, அதன்மேல் மூன்று கொப்புளங்கள் எழுந்தன. வலி மட்டும் காலின் அளவுக்குப் பொருந்தாமல் இருந்தது. போர்வை பட்டாலே பல்லைக் கடித்தேன்.

மாலை ஐந்து மணிக்கு ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. கேட்டு வாங்கி நானே படித்தேன். இரண்டு நாளாகியும் நான்கு பாட்டிலிலும் கிருமி வளர்ச்சி இல்லை. நான் நினைத்தது சரியாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் வலி கூட ஒரு நிமிடம் மறந்தது. கிருமியே இல்லாத ஆளுக்குத்தான் இத்தனை பாட்டில் மருந்து ஏற்றியிருக்கிறார்கள்!

ஐந்தே காலுக்குப் பெரிய டாக்டர் வந்தார். கருநீலத் திட்டை ஒரு விரலால் தொட்டார். முகம் மாறியது.

"ஐயா, இது தோலோட நிக்கல. கீழ சதையைச் சுத்தி இருக்கிற சவ்வு அழுகுது. இன்னிக்கே திறந்து, செத்த சதையை எடுக்கணும். ரெண்டு விரல் போகலாம். விட்டா கால் போகும். அதுக்கும் மேல விட்டா…" நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினார்.

நான் பரிசோதனைத் தாளை நீட்டினேன். "கிருமி இல்லைன்னு உங்க லேப்பே சொல்லுது. இல்லாத கிருமிக்கு எதுக்கு என் காலை வெட்டுதிய?"

"தாளை விட கால் சொல்றதைத்தான் நான் நம்புவேன்."

"நான் தாளைத்தான் நம்புவேன். கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு ஐயா. யோசிங்க, ஆனா சீக்கிரம் யோசிங்க." தியேட்டரைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கபுஷ்பம் அப்போது அங்கே இல்லை. என் பிரஷர் மாத்திரைகளை எடுத்து வர நர்ஸ் சொன்னதால், மூன்று மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் தனியாகப் படுத்து ஸ்கேலால் அளந்துகொண்டிருந்தேன். ஒன்றரை அங்குலம்.

ஆறு மணிக்கு ஒரு அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, வெள்ளைக் கோட்டில் ஊதாக் கறை. "நான் மெட்டில்டா. கீழ லேப்ல இருக்கேன் அண்ணாச்சி. ரிப்போர்ட்ட வச்சிக்கிட்டு டாக்டர மடக்கிட்டியளாமே. அதான் ரிப்போர்ட்டு போட்டவளே வந்துட்டேன்."

"வாங்க. மொதல்ல இதச் சொல்லுங்க. ரெண்டு கையில எதுக்கு எடுத்திய?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "தோல் மேல எப்பவும் கொஞ்சம் கிருமி ஒட்டிக்கிட்டு இருக்கும். ஊசி குத்தும்போது அதுவும் பாட்டிலுக்குள்ள விழுந்துரும். ஒரு கையில மட்டும் எடுத்தா, வளர்ந்தது ரத்தத்துல இருந்ததா, தோல்ல இருந்ததான்னு எப்படித் தெரியும்? ரெண்டு கையிலயும் ஒரே கிருமி வந்தா நோய். ஒண்ணுல மட்டும் வந்தா, அனேகமா ஊசியோட வந்தது. ஒண்ண வச்சு இன்னொண்ணச் சரிபாக்கோம்."

கப்பல் ஒன்று, கரை ஒன்று. முப்பத்தாறு வருடம் நான் செய்த வேலையை என் கையிலேயே செய்திருக்கிறார்கள். அதைத்தான் பில் என்று நினைத்திருக்கிறேன்.

"இன்னொரு விஷயம்" என்றார் மெட்டில்டா. "வளரலைன்னு நாங்க எழுதுனா, கிருமி இல்லைன்னு அர்த்தமில்ல. எங்க பாட்டில்ல வளரலைன்னுதான் அர்த்தம். ரத்தம் எடுக்க முந்தியே ஆன்டிபயாட்டிக் உள்ள போயிருந்தா, ரத்தத்துல உள்ளது செத்துரும், இல்ல மயங்கிக் கிடக்கும். பாட்டில்ல எழும்பாது. ஆனா மருந்து சரியாப் போய்ச் சேராத இடத்துல, செத்த சதையில, அது சொகமா இருக்கும். நீங்க வர்றதுக்கு முன்ன ஏதும் மாத்திரை போட்டியளா?"

எனக்கு விளங்கிவிட்டது. எண்ண ஆரம்பிப்பதற்கு முன்பே ஐந்து மூட்டையை ஒதுக்கிவிட்டு, தாளில் குறைவு இல்லை என்று வாதாடுகிற ஆள் நான்தான். அப்படிப்பட்ட ஆட்களைத் துறைமுகத்தில் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்.

ஆனாலும் வாய், "இல்ல" என்றுதான் சொன்னது. இரண்டு நாளுக்கு முன் சொன்ன பொய்யை ஒப்புக்கொள்வதை விடத் திரும்பச் சொல்வது எளிதாக இருந்தது. மெட்டில்டா எழுந்து போனார்.

"அண்ணாச்சி" என்றார் மொஹிதீன். "நம்ம கால நம்ம தான பாக்கணும்." நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏழே முக்காலுக்குத் தங்கபுஷ்பம் வந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. ஒரு கையில் கருப்பட்டிக் காபி பிளாஸ்க், மறு கையில் பிஸ்கட் டப்பா. பிரஷர் மாத்திரை எது என்று தெரியாமல் டப்பாவையே தூக்கி வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொன்னேன். காரணம் மாத்திரை இல்லை. மூடி.

மூடியின் உள்பக்கம் நான் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எந்த மாத்திரை எத்தனை இருப்பு, எப்போது எடுத்தது, மீதி எவ்வளவு என்று எழுதி வைப்பது வழக்கம். ஐந்து மாத்திரையைத் திருட்டுத்தனமாக விழுங்கியவன், ஒவ்வொரு தடவையும் தேதி, மணி போட்டு இருப்பைக் குறைத்து எழுதியிருக்கிறேன். கை பழக்கத்தில் செய்துவிட்டது.

அவள் மூடியைத் திறந்து என் நெஞ்சின் மேல் வைத்தாள்.

"பஸ்ல வரும்போது வாசிச்சேன். இது ஆரு எழுத்து?"

"என் எழுத்துதான்."

"பல்லு மாத்திரை. ஆறு இருப்பு. ஞாயிறு ஒம்பது மணி, ஒண்ணு. திங்கள் மூணு. செவ்வா காலையில ஒண்ணு. மீதி ஒண்ணு. டாக்டர் கேட்டப்ப இல்லைன்னு சொன்னியள்லா? நானும் பக்கத்துல நின்னுகிட்டுதான இருந்தேன்?"

"ஏளா, பைய பேசு."

"எதுக்குப் பைய பேசணும்? ஊருல உள்ளவன் கணக்கையெல்லாம் சந்தேகப்படுவிய. ஒங்க கணக்க யாரு பாக்க?" மூடியை விரலால் தட்டினாள். "ஒத்தக் கால வச்சிக்கிட்டு நீங்க என்ன எண்ணப் போறிய, சொல்லுங்க."

முப்பத்தாறு வருடத்தில் பொய்த் தாளில் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. அதற்காக ஒரு தடவை அடி கூட வாங்கியிருக்கிறேன். போட்ட ஒரே பொய்க் கையெழுத்து என் கால்மாட்டில், படுக்கையில் தொங்கிய அட்டையில் இருந்தது.

"பெரிய டாக்டரைக் கூப்பிடு" என்றேன்.

அவர் வந்ததும் முதலில் அந்தத் தாளைக் கேட்டேன். 'இல்லை' என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் மாத்திரையின் பெயர், ஐந்து, தேதி, மணி எல்லாம் மூடியைப் பார்த்து எழுதினேன். சுருக்கொப்பம் வைத்துப் பேனாவை அவரிடம் நீட்டினேன். "நீங்களும் வைக்கணும். ரெண்டு பேர் வச்சாதான் செல்லும்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. வைத்தார். பிறகு சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். மணி எட்டு ஐந்து. நான் வீணாக்கியது இரண்டு மணி ஐம்பது நிமிடம்.

இரண்டு விரல் போயிற்று. முன்னங்காலில் ஒரு சாண் நீளத்துக்குச் செத்த சதையை எடுத்தார்கள். அதில் ஒரு துண்டு மெட்டில்டாவிடம் போனது. சனிக்கிழமை காலையில் டாக்டர் வந்து, "கிருமி கிடைச்சிருச்சு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ்" என்றார். என்னுடையதுதானா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு ஒரு சக்கர நாற்காலிக்குச் சொன்னார்.

லேபுக்குள் விடவில்லை. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நான், தங்கபுஷ்பம். உள்ளே மெட்டில்டா, கையுறையோடு. அவர் ஒரு வட்டத் தட்டைத் தூக்கிக் காட்டினார். முதலில் அதன் அடியில் இருந்த எண்ணை என் கைப்பட்டை எண்ணோடு ஒப்பிட்டேன். ஆறு இலக்கமும் சரியாக இருந்தது.

"ஆட்டு ரத்தம் கலந்த தட்டு அண்ணாச்சி. எந்த ஆடுன்னு மட்டும் கேட்டுராதிய" என்றார். தட்டு சிவப்பாக இருந்தது. அதில் குண்டூசித் தலையை விடச் சின்னச் சாம்பல் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சிவப்பு மறைந்து, கண்ணாடி போலத் தெளிந்த வட்டம். தட்டை விளக்குக்கு எதிரே பிடித்தபோது அவர் விரல் அதன் வழியாகத் தெரிந்தது. நான் ஒரு ஓரத்தில் இருபத்து மூன்று புள்ளி எண்ணினேன். ஒவ்வொரு புள்ளியிலும் எண்ண முடியாத அளவு கிருமி இருக்கும் என்றார். எண்ணுவதை விட்டேன்.

கிருமி ரத்த அணுக்களை உடைத்ததால் வந்த வட்டம் அது. தட்டில் செய்ததையே அது என் காலிலும் செய்திருக்கிறது. விரலிடுக்கில் தோல் கிழிந்த இடம் வழியாக உள்ளே போய், அணுக்களை உடைத்து, சதைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசையைக் கரைத்து, கரைந்த வழியே பரவியிருக்கிறது. அது கக்கும் விஷத்துக்கு உடம்பு மிரண்டு எழுந்ததுதான் அன்றைய பதினேழு நிமிட நடுக்கம்.

ஆனால் வட்டம் போடுகிற கிருமி வேறும் உண்டாம். அதனால் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். இது ஊதா நிறத்தில், உருண்டை உருண்டையாக, கோத்த மணி போல வரிசையாக நிற்கும். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற இன்னொன்றும் ஊதா உருண்டைதான், ஆனால் கொத்தாகக் குவிந்திருக்கும். அதையும் நம்பாமல் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடுகிறார்கள். குவியல் ஆள் என்றால் நுரைக்கும். என்னுடையது நுரைக்கவில்லை. கடைசியாக ஒரு அட்டையில் பால் போன்ற ஆறு சொட்டு. ஒவ்வொன்றும் ஒரு வகைக்கு. ஐந்து சொட்டு அப்படியே கிடந்தது. ஜி என்று எழுதியிருந்த சொட்டு மட்டும் திரிந்த பால் போலத் திப்பி திப்பியாகியிருந்தது. தொண்டைப் புண்ணுக்குப் பேர்போனது ஏ வகை. வயதானவர்கள் கால்களில் இந்த ஜி வகையை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னார்.

"இத்தனை தடவை சரிபாக்கியளா?" என்றேன்.

"ஒங்கள விடச் சந்தேகக்காரங்க நாங்க" என்றார் மெட்டில்டா.

சனிக்கிழமை மாலையே விலை கூடிய மருந்தை நிறுத்திவிட்டு, பழைய பென்சிலினும், கிருமியின் விஷத்தை அடக்க இன்னொரு மருந்தும் ஆரம்பித்தார்கள். பென்சிலின் விலையை நர்ஸிடம் கேட்டபோது திடுக்கிட்டேன். அத்தனை மலிவு. என்னைக் கைவிட்டுவிட்டார்களா? டாக்டரை நிறுத்திக் கேட்டேன்.

"விலை கூடினப்பவும் சந்தேகம், குறைஞ்சப்பவும் சந்தேகமா ஐயா? யாருன்னு தெரியாதப்ப ஊரையே வளைக்கிற மருந்து போட்டோம். இப்ப ஆள் தெரிஞ்சிருச்சு. இந்த வகைக்குப் பென்சிலின் இன்னும் நல்லாவே கேட்குது. முதல் ரத்தத்துலயே ஆள் சிக்கியிருந்தா ரெண்டு நாள் முந்தியே இதைப் போட்டிருப்போம்."

ஆள் முதலிலேயே சிக்காமல் போனது என் ஐந்து மாத்திரையால்.

தொடையிலிருந்து தோல் எடுத்து முன்னங்காலில் ஒட்டினார்கள். மொஹிதீன் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனார். போன பிறகும் நான்கு நாள் அவர் வீட்டுக் கஞ்சி வந்தது. நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை, வெயிலோடு நானும் வீட்டுக்கு வந்தேன். இரண்டு கால்களோடு, எட்டு விரல்களோடு. டப்பாவில் மீந்திருந்த எல்லா மாத்திரையையும் தங்கபுஷ்பம் மெட்டில்டாவிடமே கொடுத்து அழிக்கச் சொல்லிவிட்டாள். மூடியை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கணக்கு எழுத உட்கார்ந்தேன். மருத்துவமனை பில் 2,14,380. வெளியே வாங்கிய மருந்து, கட்டுத்துணி 18,265. ஆட்டோ, பஸ், சாப்பாடு, ஊன்றுகோல் 6,940. தங்கபுஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்து தனியாக வேறொரு தாளில் எழுதினாள். முடிவில் இரண்டையும் ஒப்பிட்டோம். என்னுடையதில் ஒரு வரி குறைந்தது.

"பல்லு மாத்திரை அஞ்சு. ஒண்ணு எட்டு ரூவா. நாப்பது. அத விட்டுட்டிய."

எழுதினேன். விரல் இரண்டுக்கு என்ன விலை போட என்று கேட்டேன். தொகை இடத்துல வெறும் கோடு போடுங்க என்றாள். கோடு போட்டேன். இருவரும் சுருக்கொப்பம் வைத்தோம். ஆக மொத்தம் ரூபாய் 2,39,625.